எந்த நம்பர் கம்பி?

மோட்டர் வைண்டிங் கடையில் "செப்புக் கம்பி 25 மீற்றர் வேணும்" என்று நான் கேட்டதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். "தங்கச்சி, இது மீற்றரில விக்கிற சாமான் இல்லை, நிறுத்துத்தான் குடுக்கிறது. எத்தினையாம் நம்பர் எண்டு சொல்லுங்கோ." நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா என்னைப் பார்த்தார். "இருக்கிறதிலே மெல்லிசா, கண்ணுக்குத் தெரியாத மாதிரி" என்றேன். 26ஆம் நம்பரில் 100 கிராம் வந்தது. அந்தக் கம்பி எங்கள் வீட்டில் பதினொரு நாள்தான் நின்றது. அது ஏன் அறுந்தது, அடுத்த முறை எந்த நம்பரை, எந்தக் கணக்கில் தெரிவு செய்தேன் என்பதே இக்கட்டுரை. உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் இழுவை, தகைப்பு, தடை ஆகிய மூன்றும் இதில் வருகின்றன. கணிதப் பிரிவு இல்லாத தோழியரும் வாசிக்கலாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

முதலில், கம்பி எதற்கு? அமெச்சூர் வானொலி என்பது பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் தமது சொந்த நிலையத்திலிருந்து உலகின் மற்ற அமெச்சூர்களோடு பேசும் பொழுதுபோக்கு. இலங்கையில் அந்த அனுமதியைத் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. என்னிடம் இன்னும் அனுமதிப்பத்திரம் இல்லை. ஆகவே நான் அனுப்புவதில்லை, கேட்பது மட்டுமே. வாப்பாவின் நண்பர் ஒருவர் தந்த பழைய வாங்கியில், அமெச்சூர்களுக்கென ஒதுக்கப்பட்ட 7 மெகாஹேட்ஸ் பகுதியைக் கேட்கிறேன். பரீட்சையில் சித்தியடைந்தால் அதே கம்பியால் அனுப்பவும் வேண்டும் என்பது என் ஆசை. அதனால் அனுப்புவதையும் மனத்தில் வைத்தே கணக்குப் போட்டேன்.

பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பெயரைச் சொல்வதுண்டு. பாரதி பிரசாத். இந்தியாவைச் சேர்ந்த பெண் அமெச்சூர். 2004 டிசம்பரில் அந்தமான் தீவுகளிலிருந்து வானொலியில் பேசுவதற்காக ஒரு குழுவோடு போர்ட் பிளேயருக்குப் போயிருந்தார். டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. பொழுதுபோக்குக்குக் கட்டிய அன்ரனாவே தீவுகளின் செய்தியை வெளியே கொண்டு செல்லும் வழியாயிற்று. அதே நாட்களில் நமது நாட்டிலும் அமெச்சூர்கள் ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

இனி, கம்பி ஏன் கண்ணுக்குத் தெரியக்கூடாது? அமெரிக்காவில் சில குடியிருப்புகளில் வீட்டுக்கு வெளியே அன்ரனா கட்டக்கூடாது என்று விதி உண்டாம். அங்குள்ளவர்கள் மெல்லிய கம்பியை மரத்தோடு மரமாக ஒளித்துக் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி எழுதிய விதி எதுவுமில்லை. உம்மும்மா இருக்கிறார்.

உம்மும்மா சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்ந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்தவர். யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். கூரைக்கு மேலே கம்பி என்றால் அவருக்கு அது வெறும் கம்பியல்ல. "ஆக்கள் கேப்பாங்க மகள், இது என்ன கம்பி, யாரோட கதைக்கிறீங்க எண்டு கேப்பாங்க. நமக்கு ஏன் அது?" என்றார். பக்கத்து வீட்டு ரீச்சரிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் தொண்ணூறுகளில் இங்கேயே இருந்தவர். மின்சாரமும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் றேடியோவை இயக்கி பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டதாகச் சொன்னார். "ஒருத்தர் சுத்த வேணும், மற்றவை கேக்க வேணும். கொஞ்சம் சுத்து குறைஞ்சா சத்தம் போயிடும்." கதை முடிந்ததும் அவரும் மெதுவாக, "எண்டாலும் பிள்ளை, கம்பி வெளியில தெரியாமல் கட்டுங்கோ" என்றார். இருவரும் இரண்டு திசையிலிருந்து ஒரே பயத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். வெளியேற்றப்பட்டவருக்கும் தங்கியிருந்தவருக்கும் ஒரே பயம்! வாதாட எனக்கு வாய் வரவில்லை. தெரியாமல் கட்டுகிறேன் என்று உம்மும்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். ஒளித்து அல்ல, உறுத்தாமல். யார் கேட்டாலும் இன்னதென்று சொல்வேன்.

அதனால்தான் 26ஆம் நம்பர். இந்த எண்ணிக்கையில் ஒரு வேடிக்கை உண்டு. நம்பர் கூடக் கூடக் கம்பி மெல்லிதாகும். ஆய்கூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளந்தபோது 26ஆம் நம்பர் 0.46 மில்லிமீற்றர். 22ஆம் நம்பர் 0.71. 18ஆம் நம்பர் 1.22. நீளத்தை அலைநீளம் தீர்மானிக்கும்: 7.1 மெகாஹேட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 42 மீற்றர், அதன் பாதியில் ஐந்து வீதம் குறைத்தால் 20 மீற்றர். ஒரு முனை எங்கள் வீட்டு முகட்டில், மறுமுனை பின்வளவுத் தென்னையில்.

இவ்வளவு மெல்லிய கம்பியில் மின்னோட்டம் தடைப்படாதா என்பதே என் முதற் பயம். உயர் மீடிறன் ஆடலோட்டம் கம்பியின் உள்ளே போகாமல் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். இதைத் தோல் விளைவு என்பார்கள். 7 மெகாஹேட்ஸில் செம்பில் அந்தத் தோலின் தடிப்பு 0.025 மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே 0.46 மில்லிமீற்றர் கம்பியைக்கூட ஓட்டம் குழாய் போலத்தான் பயன்படுத்துகிறது. அந்தத் தோலின் குறுக்குவெட்டு, சுற்றளவைத் தடிப்பால் பெருக்கினால், 0.036 சதுர மில்லிமீற்றர். செம்பின் தடைத்திறனை வைத்துக் கணித்தால் மீற்றருக்கு 0.47 ஓம், 20 மீற்றருக்கு 9.4 ஓம். அரை அலைநீளக் கம்பியில் ஓட்டம் நடுவில் உச்சம், முனைகளில் பூச்சியம் என்பதால் நட்டமாகக் கணக்கில் வருவது இதில் பாதி, 4.7 ஓம். அலையாக வெளியேறும் சக்திக்குரிய கதிர்ப்புத் தடை, தரையிலிருந்து போதிய உயரத்தில், 73 ஓம் அளவு. 73ஐ 77.7ஆல் வகுத்தால் திறன் 94 வீதம்! இதே கணக்கில் 22ஆம் நம்பர் 96, 18ஆம் நம்பர் 98. இந்த நான்கு வீத வித்தியாசத்தை மறுமுனையில் கேட்பவரின் காது உணராது. கேட்பதற்கு மட்டும் என்றால் இந்த நட்டமும் பொருட்டல்ல, ஏனெனில் வளிமண்டல இரைச்சலும் சமிக்ஞையோடு சேர்ந்தே குறையும்.

(கட்டுக்கம்பி பலமானதுதானே என்று தம்பி கேட்டான். பலம்தான். ஆனால் இரும்பின் தடைத்திறன் கூட, அதன் காந்தத் தன்மையால் தோலும் இன்னும் மெல்லிதாகிவிடும். வேலி கட்டட்டும்.)

ஆக, மின்னியல் பக்கம் 26ஆம் நம்பரில் குற்றமில்லை. நான் மகிழ்ந்து, இரண்டு முனைகளையும் இறுக்கிக் கட்டிவிட்டேன். நடுவில் அரை மீற்றர் தொய்வு விட்டதால் போதும் என்று நினைத்தேன். பதினோராம் நாள் இரவு சோளகம் வீசியது. காலையில் கம்பி தென்னையடியில் சுருண்டு கிடந்தது.

இங்கேதான் நான் செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். 20 மீற்றர் இடைவெளியில் அரை மீற்றர் தொய்வு என்றால் கம்பியின் மேலதிக நீளம் எவ்வளவு? தொய்வின் வர்க்கத்தை எட்டால் பெருக்கி, இடைவெளியின் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். விடை 3.3 சென்ரிமீற்றர். கண்ணுக்குத் தாராளமாகத் தெரிந்த தொய்வுக்குள் இருந்தது அவ்வளவுதான். தென்னையின் உச்சி காற்றில் மூன்று சென்ரிமீற்றரா சாயும்? அதைத் தாண்டியதும் கம்பி நேர்கோடாகிறது. அதன்பின் முழு மரமும் கம்பியைத்தான் இழுக்கிறது. பதப்படுத்திய மென்செம்பு தாங்கும் தகைப்பு ஏறத்தாழ 220 மெகாபாஸ்கல். 26ஆம் நம்பர் 36 நியூற்றனில் அறும், அதாவது மூன்றரைக் கிலோ பாரத்தில். 22ஆம் நம்பர் 87 நியூற்றன். 18ஆம் நம்பர் 257.

அப்படியானால் 18ஐக் கட்டுவதா? கணக்கில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்று: கம்பி தன் சொந்த நிறையைத் தாங்குவதைப் பொறுத்தவரை தடிப்பால் இலாபமே இல்லை. பலமும் நிறையும் இரண்டுமே விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகின்றன. தடிப்பு உதவுவது வெளியிலிருந்து வரும் பாரங்களுக்கு: காற்று, மரம், காகம். யாழ்ப்பாணத்தில் காகத்தைக் கணக்கில் விட்டுவிட்டு எதையும் கட்ட முடியாது. 300 கிராம் காகம் ஒன்று நான் முதலில் கட்டிய கம்பியின் நடுவில் அமர்ந்தால் இழுவை 25 நியூற்றனைத் தாண்டும். இரண்டாவது காகம் வந்தால் அவ்வளவுதான்.

விடை தடிப்பில் இல்லை, கட்டும் முறையில் இருந்தது. தென்னைப் பக்க முனையைத் தங்கூசியில் முடிந்து, தங்கூசியை ஒரு சிறு கப்பிக்கு மேலால் விட்டு, அதன் நுனியில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டேன். இப்போது இழுவை எப்போதும் போத்தலின் நிறைதான், ஏறத்தாழ 10 நியூற்றன். மரம் சாய்ந்தால் போத்தல் ஏறும், நிமிர்ந்தால் இறங்கும். காகம் இருந்தால் கம்பி ஒன்றரை மீற்றர் பதியும், போத்தல் ஒரு சாண் உயரும், இழுவை மாறாது. அப்படிக் கம்பி பதிந்ததும் காகமே பயந்து எழும்பிவிடுகிறது. தங்கூசி மின்னைக் கடத்தாது, தூரத்திலிருந்து தெரியவும் மாட்டாது.

இந்த முறையில் 26ஆம் நம்பரும் அறாது. ஆனால் மென்செம்பு அறுவதற்கு நெடுநேரம் முன்பே நீள ஆரம்பிக்கும். 10 நியூற்றன் 26ஆம் நம்பரில் 61 மெகாபாஸ்கல், நிரந்தரமாக நீளும் எல்லைக்குக் கிட்ட. நீண்டால் அன்ரனாவின் மீடிறன் இறங்கிவிடும். 22ஆம் நம்பரில் அது 25 மெகாபாஸ்கல்தான். 18ஆம் நம்பரோ 200 கிராமுக்கு மேல் நிறை, அதே போத்தலுக்கு அரை மீற்றர் தொய்யும். 22 தொய்வது 17 சென்ரிமீற்றர். 22ஐ எடுத்தேன்.

தெரியுமா தெரியாதா என்பதைத் தம்பியை ஒழுங்கையில் நிறுத்திப் பரிசோதித்தேன். பத்து மீற்றர் தூரத்தில் மூன்று நம்பர்களும் கண்ணின் வழமையான பிரிதிறனுக்குக் கீழேதான். ஆனால் வெளிச்ச வானத்துக்கு எதிரே நீண்ட கோட்டைக் கண் எப்படியோ பிடித்துவிடும். அவன் மூன்றையும் கண்டுபிடித்தான், 26ஐக் கொஞ்சம் தேடி. புதிய கம்பியின் செம்புப் பளபளப்புத்தான் தடிப்பைவிட அதிகமாகக் காட்டிக்கொடுத்தது. கம்பியை வானத்துக்கு எதிரே விடாமல் ஓலைகளுக்குக் கீழே இறக்கியதும் 18கூட அவனுக்குத் தெரியவில்லை. வைண்டிங் கம்பியின் மேற்பூச்சை நான் சுரண்டவில்லை, முனையில் மட்டும் தவிர. உப்புக்காற்றுக்கு அது கவசம்.

இரண்டு விடயங்களில் விளையாட்டில்லை. மின்சாரக் கம்பிக்குக் கிட்டவோ மேலாகவோ எந்தக் கம்பியையும் கொண்டுபோகக்கூடாது. அறுந்தால் எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். ஒக்டோபர் தொடங்கி மாரியில் இடி முழங்கினால் நான் கம்பியை வாங்கியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவேன். மரத்தில் ஏறியது நானல்ல, வாப்பா. உம்மா கீழே நின்று ஏசிக்கொண்டிருந்தார்.

மஃரிபுக்குப் பிறகு தமிழ்நாட்டு அமெச்சூர்கள் நன்றாகக் கேட்கிறார்கள். வாங்கியைச் சரியாக இசைக்காவிட்டால் குரல் வாத்துக் கத்துவது போலிருக்கும், மெல்லத் திருப்பினால் மனிதக் குரலாகும். அன்றொருநாள் உம்மும்மா தஸ்பீஹோடு வந்து பக்கத்தில் இருந்தார். ஒருவர் தன் ஊரில் மழை பெய்வதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இதையா கதைக்கிறாங்க?" என்றார் உம்மும்மா. "இதைத்தான்" என்றேன்.

போன வாரம் காலையில் முற்றம் கூட்டப் போன உம்மும்மாதான் என்னைக் கூப்பிட்டார். "மகள், போத்தல் நாலு விரல் இறங்கியிருக்கு, பாத்தியா?" போய் அளந்தேன். செம்பு நீளவில்லை, தங்கூசி முடிச்சுத்தான் வழுகியிருந்தது. இரட்டை முடிச்சுப் போட்டேன்.