வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

கும்ப மாதம். வெயில் ஏறிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் பகவதி கோவிலில் பத்து நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் பொங்காலை. அன்று பெண்கள் தெருவிலேயே செங்கல் அடுப்பு கூட்டிப் பொங்கல் இடுவார்கள். கோவிலைச் சுற்றி மட்டுமா? மணக்காடு, கிழக்கே கோட்டை, தம்பானூர் என்று அடுப்பு நீண்டுகொண்டே போகும். 1997-இல் 15 லட்சம் பெண்கள் கூடினார்கள். 2009-இல் 25 லட்சம். இரண்டு முறையும் கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது. நாகர்கோவில் பக்கமிருந்தும் ஏராளமான பெண்கள் ரயிலேறி வருகிறார்கள்.

மேலே வெயில். கீழே அடுப்பு. இடத்தை விட்டு நகரவும் முடியாது. அதனால் தெருவில் உள்ள வீட்டுக்காரர்கள் வாசலில் குடிநீரும் சம்பாரமும் வைப்பார்கள். சம்பாரம் என்பது நம் நீர்மோர்தான். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு, உப்பு சேர்த்தது. வருகிறவர்கள் தாங்களே எடுத்துக் குடிக்கலாம். 2023 கோடையில் கேரள அரசே ஊர் ஊராகத் தண்ணீர்ப் பந்தல் திறந்தது.

மணக்காட்டில் ஒரு வீடு. பொங்காலைக்கு முந்தின நாள் இரவு. நாகர்கோவிலில் இருந்து நாத்தனார் வந்திருக்கிறாள்.

"மைனி, பதிமுகம் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணி ஒரு தவலைதான் இருக்கு. நாளைக்குப் போதாதே."

"அதுல ரெண்டு குடம் பைப்புத் தண்ணி ஊத்து. சூடும் ஆறிரும், அளவும் கூடிரும்."

"ஊத்தலாமா?"

"ஏன், நிறம் நல்லாத்தானே இருக்கு!"

மைனி சொன்னது தவறு. பதிமுகம் ஒரு மரக்கட்டை. அதைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். கேரளத்தில் பல வீடுகளிலும் ஓட்டல்களிலும் இந்தத் தண்ணீர்தான். நிறத்தைப் பார்த்ததும் "கொதித்த தண்ணீர்" என்று நம்பிவிடுகிறோம். பச்சைத் தண்ணீரைக் கலந்தாலும் நிறம் போய்விடாது. பச்சைத் தண்ணீரில் கிருமி இருந்தால் தவலை முழுவதும் கெட்டுவிடும். பாதி கொதித்த தண்ணீர் என்று ஒன்று கிடையாது.

என்ன கிருமி? மஞ்சள் காமாலையில் ஒரு வகை ஹெபடைட்டிஸ் ஏ. நோயாளியின் மலத்தில் கிருமி வெளியேறும். கிணற்றிலோ குழாயிலோ கழிவு கசிந்தால் குடிநீரில் சேரும். கை கழுவாதவர் தொட்ட டம்ளரிலும் ஏறும். 2024-இல் மலப்புறம், எர்ணாகுளம் மாவட்டங்களில் இந்த நோய் பலருக்குப் பரவியது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போகும். பெரியவர்களைத்தான் படுக்கையில் தள்ளும். கிருமி உள்ளே போய் இரண்டு முதல் ஏழு வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். அப்போது எந்த வாசலில் குடித்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? தண்ணீர் வைத்தவருக்கும் கடைசிவரை தெரியாது.

தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதி வந்த பிறகும் சில நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். மூடி வைத்துத் தானாக ஆற விடுங்கள். மோருக்கும் இதே ஆறிய தண்ணீர்தான். ஐஸ் வேண்டாம். மீனுக்குப் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யார் கண்டது?

பாத்திரத்துக்கு அடியில் குழாய் இருக்க வேண்டும். அண்டாவில் மொண்டு குடிக்க வைத்தால் நூறு கை உள்ளே போகும். கூட்டத்தில் கரண்டியை யாரும் கொக்கியில் திருப்பி மாட்ட மாட்டார்கள். கழுவிய டம்ளர் ஒரு தட்டில், குடித்த டம்ளர் வேறு வாளியில். டம்ளர் கழுவ ஒரு ஆள் வேண்டும். எவர்சில்வர் டம்ளரே நல்லது. பொங்காலைக்கு பிளாஸ்டிக் வேண்டாம் என்று மாநகராட்சியும் சில ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. "மோர்", "தண்ணீர்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மலையாளத்திலும் எழுதுங்கள்.

இன்னொன்று. வாசலில் நிறையத் தண்ணீர் இருந்தும் சில பெண்கள் குடிப்பதில்லை. காரணம் கேட்டால் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் நாக்கு வறண்டாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டுக் கழிப்பறையைத் திறந்து விடுங்கள். சோப்பும் வையுங்கள். "கழிப்பறை உள்ளே" என்று அதே அட்டையில் எழுதுங்கள்.

நாத்தனார் பச்சைத் தண்ணீரை ஊற்றவில்லை. இரவு பத்து மணிக்கு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். மைனி முணுமுணுத்தாள். பிறகு அவளே வந்து தவலையைத் தூக்க ஒரு கை கொடுத்தாள். அந்த இரவு இருவருக்கும் தூக்கம் இல்லை.

நீங்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் 100 பேர். ஒருவருக்கு 4 டம்ளர். ஒரு டம்ளர் 200 மில்லி. மொத்தம் 80 லிட்டர். உங்கள் தவலை 20 லிட்டர் பிடிக்கும். ஒரு தவலை கொதிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எத்தனை தவலை கொதிக்க வைக்க வேண்டும்? இரவு எட்டு மணிக்குள் முடிய வேண்டுமானால் எத்தனை மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பீர்கள்?