காற்றிடம் கேட்ட கணக்கு

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பர் நம் முன்னோர். சோற்றுக்கு இது பொருந்தும். காட்டுக்குப் பொருந்துமா? சில மரங்களைச் சோதித்துவிட்டு, காடு முழுவதற்கும் தீர்ப்புக் கூற இயலுமா? தாவரவியல் பயிலும் எனக்கு நெடுநாளாக இருந்த ஐயம் இது. இதற்கு விடை தேடிப் படித்தபோதுதான், பிரேசில் நாட்டின் தேசிய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் லூசியானா காட்டி அம்மையாரின் ஆராய்ச்சியை அறிந்தேன். படித்து வியந்ததை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காட்டின் வரவும் செலவும்

பச்சை இலை சூரிய ஒளியின் துணையால் கரியமில வாயுவை உட்கொண்டு உணவு தயாரிக்கிறது என்பது பள்ளியிலேயே நாம் கற்ற பாடம். இது வரவு. மரம் சுவாசிக்கும்போதும், உதிர்ந்த சருகு மக்கும்போதும், காடு தீப்பற்றி எரியும்போதும் அதே வாயு காற்றுக்குத் திரும்புகிறது. இது செலவு. வரவு மிகுந்தால் காடு கார்பனைச் சேமிக்கும். செலவு மிகுந்தால் கடனாளியாகும்.

இக்கணக்கு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஹவாயிலுள்ள மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958ஆம் ஆண்டு அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியேற்றும் இவ்வாயுவில் கால் பங்குக்கு மேல் நிலத்துத் தாவரங்களும் மண்ணும் ஏற்றுக்கொள்கின்றன. அவை கைவிட்டால் புவி இன்னும் விரைவாக வெப்பமடையும். ஆகவே, அமேசான் போன்ற பெருங்காட்டின் கணக்கு உலகத்தார் அனைவரின் கணக்கும் ஆகும்.

குடுவையில் பிடித்த காற்று

அமேசான் நிலப்பகுதி இந்தியாவைப் போல் சுமார் இரண்டு மடங்கு பரந்தது. அதை எவ்வாறு அளப்பது? அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும் காற்று கிழக்கே நுழைந்து, காட்டின் மேலாக மேற்கு நோக்கிச் செல்கிறது. கடல்மேல் இருந்தபோது அக்காற்றில் கரியமில வாயு எவ்வளவு, காட்டின்மேல் வந்தபின் எவ்வளவு என்று அறிந்தால், இடையில் காடு எடுத்ததா, கொடுத்ததா என்பது விளங்கிவிடும். நெல் வண்டியை வெறுமையாக ஒருமுறையும், மூட்டை ஏற்றியபின் ஒருமுறையும் எடைபோடுவதைப் போன்றது இது.

2010 முதல் 2018 வரை அம்மையாரின் குழுவினர் அமேசானின் நான்கு பகுதிகளில் இவ்வாறு அளந்தனர். சிறு விமானம் ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வட்டமிட்டபடியே 300 மீட்டர் வரை இறங்கும். வழியில் வெவ்வேறு உயரங்களில் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடிப்பர். 590 முறை இது நடந்தது! கார்பன் மோனாக்சைடையும் உடன் அளந்தனர். எரியும்போது அவ்வாயு மிகுதியாக வெளிப்படுமாதலால், தீயினால் வந்த பங்கைத் தனியே பிரித்தறிய முடிந்தது.

காற்று சொன்ன விடை

2021 ஜூலையில் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. தீயினால் அமேசான் ஆண்டுக்குச் சுமார் 41 கோடி டன் கார்பனை வெளிவிட, காடு திரும்ப எடுத்துக்கொண்டதோ சுமார் 12 கோடி டன் மட்டுமே. இத்தகைய அளவீட்டில் ஏற்றத்தாழ்வுக்கு இடமுண்டு எனினும், தென்கிழக்குப் பகுதியின் நிலை ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. தீயின் பங்கைக் கழித்துப் பார்த்தாலும், அங்கே காடு கொள்வதைவிடக் கொடுப்பதே மிகுதி!

நின்றுகொண்டிருக்கும் மரங்கள் ஏன் இவ்வாறு ஆயின? மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக விடுகிறது; அதுவே மீண்டும் மழையாகிறது. மேற்கு அமேசானில் சுமார் 11 விழுக்காடு காடு அழிந்திருக்க, கிழக்கிலோ சுமார் 27 விழுக்காடு அழிந்திருந்தது. தென்கிழக்கில் நாற்பது ஆண்டுகளில் கோடைமாத மழை கால் பங்களவு குறைந்தது. வெப்பம் 2 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்தது. வறட்சியில் வாடிய மரம் குறைவாகவே வளரும். சில பட்டும் போகும். வெட்டுண்ட மரத்தின் துன்பம் வெட்டாத மரத்தையும் சென்று தாக்குகிறது.

நாம் கற்கவேண்டிய பாடம்

இவ்வாராய்ச்சியைப் படித்தபின், காட்டைப் பற்றிய என் எண்ணம் விரிந்தது. காட்டின் பரப்பை வரைபடத்தில் அளந்து, "இத்தனை விழுக்காடு எஞ்சியுள்ளது" என்று மன நிறைவு கொள்வது போதாது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் காடும் கடனில் மூழ்கியிருக்கக்கூடும். எஞ்சியது நலமாக வாழ்கிறதா என்றும் கேட்கவேண்டும்.

எனினும் நம்பிக்கைக்கும் இதில் இடமுண்டு. மரங்களை விட்டுவைத்த மேற்கு அமேசானில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. மேலும், செலவுக் கணக்கில் பெரும்பகுதி தீயே; அத்தீயில் பெரும்பாலானது மனிதன் நிலத்தைத் திருத்த வைத்தது. வைத்த கை நிறுத்தவும் முடியும் அன்றோ? தீ நின்றால் காடு மீண்டும் வரவுப் பக்கம் திரும்பும் என்பதே அந்த 590 பயணங்கள் நமக்குக் கூறும் செய்தி.