உராய்வைத் தாங்க உராய்வாலேயே ஒரு பூச்சு

உராய்வின் தீமைகளைக் கேட்டால், 'பொருள்கள் தேயும், வெப்பம் உண்டாகும்' என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். நாமும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த வெப்பத்தைக் கொண்டே தேய்மானத்தைக் குறைக்கும் முறை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 1941ஆம் ஆண்டுக் காப்புரிமை ஆவணத்திலேயே இடம்பெற்ற இதனை உராய்வு மேற்பூச்சு முறை எனலாம்.

வேகமாகச் சுழலும் உலோகத் தண்டின் முனையை ஓர் உலோகத் தகட்டின்மீது அழுத்துவார்கள். உராய்வு வெப்பத்தால் முனை குழைந்து களிமண் போலாகும், உருகாது. தகட்டை மெல்ல நகர்த்தினால், குழைந்த உலோகம் அதன்மேல் படலமாக ஒட்டிக்கொண்டே வரும்.

'உருகாது' என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். அலுமினியம் எடை குறைந்தது. ஆனால் மென்மையானது, எளிதில் தேயும். அதற்கு வலுவூட்ட, கார்பன் நானோகுழாய்களைச் சேர்க்கிறார்கள். 660 டிகிரி செல்சியஸில் உருகிய அலுமினியத்தில் அவற்றைக் கொட்டினால் என்ன ஆகும்? சப்பாத்தி மாவில் தண்ணீர் சரியாகக் கலக்காததுபோல் கட்டி கட்டியாக நிற்கும். மேலும், கார்பனும் அலுமினியமும் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உருவாகும். அது நொறுங்கும் தன்மையுடையது. ஈரம் பட்டால் சிதைந்து மீத்தேனை வெளியிடும். வலுவூட்டப் போய் வலுவிழக்கச் செய்த கதைதான்!

அதனால் தண்டின் நீளவாக்கில் துளையிட்டு, நானோகுழாய்த் தூளை அடைத்துச் சுழற்றுகிறார்கள். உலோகம் குழையும்போதே தூளும் கலந்துவிடுகிறது. வெப்பம் உருகுநிலைக்குக் கீழேயே நிற்பதால் கார்பைடு உருவாவதும் குறைகிறது. படலத்தின் படிகத் துகள்கள் நுண்மையாகி, கடினத்தன்மை கூடும். உரசும் பரப்பில் கார்பன் மெல்லிய படலமாகப் பரவி உயவுப்பொருள்போலவும் உதவும். நானோகுழாயைக் கூட்டிக்கொண்டே போனால் நல்லதுதானே என்று யாராவது கேட்பார்கள். அளவு மிஞ்சினால் கட்டிகள் சேரும். அவை பெயர்ந்து வந்து பரப்பைக் கீறும்.

தேய்ந்துபோகும் பருமன், சுமைக்கும் சறுக்கும் தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பது ஆர்ச்சர்டின் விதி (1953). இதன் முற்பகுதியைச் சோதிக்கச் சாக்பீஸும் உப்புத்தாளும் போதும். 15 செ.மீ. நீளத்துக்கு ஒரே திசையில் 20 முறை உரசினால் சறுக்கிய தொலைவு 3 மீட்டர். முதலில் ஒரு சிறு எடையைச் சாக்பீஸின் மேல் வைத்தும், பிறகு இரு மடங்கு எடை வைத்தும் உரசச் சொல்லுங்கள். கையால் அழுத்தினால் ஒவ்வொருவர் விடையும் ஒவ்வொன்றாக இருக்கும். நீளம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் தேய்ந்த பருமன் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் புதிய உப்புத்தாள் தேவை. பழையதில் சாக்பீஸ் தூள் அடைந்திருந்தால் தேய்மானம் குறைத்தே காட்டும். அது ஏன் என்று மாணவர்களிடமே கேளுங்கள்.