மேப்பிளும் சேம்பும்: எதை எங்கே வைப்பது?

டொரன்டோவில் வீடு வாங்கியதும் முன்பக்கம் மேப்பிள், பின்பக்கம் சேம்பு என்று ஆசைப்படுவோர் உண்டு. இரண்டையும் வைக்கலாம், பக்கத்தில் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மேப்பிள் வேர் மேலாகவே பரவி ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். சேம்புக்கோ ஈரம் காயவே கூடாது.

சின்ன முற்றத்துக்கு ஜப்பானிய மேப்பிள் போதும். சர்க்கரை மேப்பிள் 20 மீட்டரைத் தாண்டும். நார்வே மேப்பிள் வேண்டவே வேண்டாம். அதன் நிழலில் புல்கூடத் திணறும், போதாக்குறைக்கு ஒன்டாரியோ காடுகளிலும் புகுந்து பரவுகிறது. எந்த மேப்பிளானாலும் அடிமரம் விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள்.

சேம்புக்குக் கடையில் வாங்கும் கிழங்கே போதும். முனையில் இளஞ்சிவப்பு மொட்டு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். மார்ச் கடைசியில் வீட்டுக்குள் தொட்டியில் முளைக்கவிட்டு, ஜூனில் வெளியே வையுங்கள். தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு அவசியம். டொரன்டோ கோடைக்குப் பெரிய கிழங்கெல்லாம் வராது, இலைதான் லாபம். புளி விட்டு நன்றாக வேகவைத்தால் தொண்டை அரிக்காது. அக்டோபர் வாக்கில் முதல் உறைபனியில் இலை கருகியதும் கிழங்கைத் தோண்டி, சில நாள் உலர்த்தி, காய்ந்த மரத்தூளில் புதைத்து பேஸ்மென்ட்டில் வையுங்கள். மேப்பிளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. குளிர் வராவிட்டால்தான் அதற்குச் சிரமம்.