பனிமலை விடுதிக்கு முதல்முறை போகும் பிள்ளைகளுக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால், தோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மாமா, ஸ்கீயிங் போறோம். என்னென்ன வாங்கணும்?"

வாங்க வேண்டியது அதிகமில்லை. ஸ்கீ, பூட்ஸ், கம்பு, தலைக்கவசம், மேலுடுப்பு எல்லாம் மலையடியில் வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் பனிக்கண்ணாடியும் பல கடைகளில் வாடகைக்கு இருக்காது. அவற்றை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்குக் கிடைக்காத இன்னொன்று உண்டு. பனியூரில் ஒரு வீட்டுக்குள் எப்படி இருப்பது என்பது. பகலில் ஏழு மணி நேரம் மலையில் இருப்பீர்கள். மீதிப் பதினேழு மணி நேரம் அந்த வீட்டில்தான். என் முதல் பயணத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மலையை மட்டும் பார்க்காதீர்கள். சைபீரியாவிலிருந்து புறப்படும் உறைகாற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது, வெதுவெதுப்பான சுஷிமா நீரோட்டத்திலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. நடு ஜப்பானின் மலைகளில் மோதி, அத்தனையையும் பனியாகக் கொட்டுகிறது. அதனால்தான் தோக்கியோவில் வெயிலடிக்கும் நாளில், ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கும் நீகாத்தா மாநிலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். ஹொக்கைடோவின் நிசெகோ, நாகானோவின் ஹகுபா எல்லாம் பெரிய இடங்கள். 1998 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சரிவுப் போட்டிகள் சில ஹகுபாவில் நடந்தன. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமானால் காலா யுசாவா போதும். ஷின்கான்சென் அதிவேக ரயிலின் நிலையமே அங்கே பனிச்சறுக்கு மையத்துக்குள் இருக்கிறது. ஆனால் முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது நொசாவா ஒன்சென். இயாமா நிலையம் வரை ஷின்கான்சென், அங்கிருந்து அரை மணிக்கும் குறைவான பஸ் பயணம். பனிச்சறுக்கு வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெந்நீர் ஊற்றுக்காக ஆட்கள் தேடி வந்த கிராமம் அது. விருந்தாளியை எப்படி வைத்துக்கொள்வதென்று அந்த ஊருக்குத் தெரியும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மட்டும் போகாதீர்கள். நாடே விடுமுறையில் இருக்கும்.

2. வாடகையைச் சரியாகப் படியுங்கள். நம் ஊரில் அறைக்கு இவ்வளவு என்போம். அங்கே பாரம்பரிய விடுதியான ரியோகானிலும், குடும்பம் நடத்தும் மின்ஷுக்குவிலும் ஓர் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் விலை சொல்வார்கள். அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்திருக்கும். மலைக் கிராமத்தில் இரவு ஒன்பது மணிக்குமேல் சாப்பிட இடம் கிடைப்பது கடினம். எனவே சாப்பாட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். வெந்நீர் ஊற்று வரி என்று ஆளுக்கு 150 யென் போல் தனியாகக் கேட்டால், ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அது ஊருக்குப் போகும் பணம்.

3. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். ஜப்பானில் "இறைச்சி இல்லை" என்றால் மீன் உண்டு என்று பொருள். மீன் துண்டு கண்ணில் படாத சாப்பாட்டிலும் மீன் இருக்கும். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த கீரை, முட்டைச் சுருள் எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி என்ற சாறு. அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய போனிட்டோ மீனில் எடுப்பது. "இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் கூடாது, கொம்பு கடற்பாசிச் சாறு ஆகும்" என்று ஜப்பானிய மொழியில் எழுதி, பதிவு செய்யும்போதே அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் முன்பாவது தெரிந்தால் சமையல்காரர் யோசித்து வைப்பார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன் உட்கார்ந்தபின் சொன்னால், பன்னிரண்டு கிண்ணங்களைப் பார்த்துப் பார்த்து அலங்கரித்தவர் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஊறுகாய்ப் பொட்டலமும் பருப்புப் பொடியும் எடுத்துப் போவதில் தவறில்லை. அறையில் வைத்துச் சாப்பிடுங்கள். நொசாவா ஊரின் நொசாவானாக் கீரை ஊறுகாயையும் விட்டுவிடாதீர்கள். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட நல்லது அந்த நாட்டில் எனக்கு அகப்படவில்லை. அதையும் வாங்கும் முன் மீன் சாறு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பெரிய பெட்டியை ரயிலில் இழுத்துப் போகாதீர்கள். தக்யூபின் என்ற வீட்டு விநியோகத்தில் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டால், நீங்கள் போகும்போது பெட்டி விடுதியில் காத்திருக்கும். யமாட்டோ நிறுவனம் 1983 முதல் ஸ்கீக்கென்றே தனிச் சேவை நடத்துகிறது. பனி மூடிய சரிவான தெருவில் பெட்டியின் சக்கரம் உருளாது. முதுகுப்பை ஒன்று போதும்.

5. செருப்புக் கணக்கு. வாசலில் தரை ஒரு படி உயரும் இடத்தில் காலணியைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து விடுதிச் செருப்பு. பாய் விரித்த தாத்தாமி அறைக்குள் அதுவும் கூடாது, காலுறை மட்டும். கழிப்பறைக்குள் தனிச் செருப்பு; வெளியே வரும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். வாசலில் செருப்பை விடும் வழக்கத்தோடு வளர்ந்த நமக்கு இது கடினமே இல்லை. பனியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அது தண்ணீராகும், பாய் நனையும், நனைந்த பாய் பூஞ்சை பிடிக்கும். அந்த வீட்டின் ஒழுங்குகளில் பாதி பனியால் வந்தவை.

6. சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். அறை பெரும்பாலும் மூன்று மணிக்குக் கிடைக்கும். இரவுச் சாப்பாடு ஆறு அல்லது ஆறரை.

என் முதல் பயணத்தில் நானும் என் மனைவியும் தோக்கியோவில் ரயிலைத் தவறவிட்டு, இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தாமதமாகும் என்று தொலைபேசியில் சொல்லவில்லை. சாப்பாட்டு அறை துடைத்து, விளக்கு அணைத்து இருந்தது. வீட்டு அம்மாவை அங்கே ஒகாமி என்பார்கள். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எங்களை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், சோற்றை உருண்டை பிடித்து, உப்பு தடவி, சூடான தேநீரோடு கொண்டுவந்தார். எங்களுக்காகச் சமைத்த மற்றதெல்லாம் வீணாகியிருந்தது என்பது மறுநாள்தான் புரிந்தது. அவருடைய நாள் காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது என்பதும் மறுநாள்தான் தெரிந்தது. அந்த உருண்டையின் ருசியும் அதோடு சேர்ந்த வெட்கமும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. தாமதமானால் போன் செய்யுங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் நிலைய அலுவலரிடம் விடுதி எண்ணைக் காட்டி உதவி கேளுங்கள்.

7. வெந்நீர்க் குளியல். நம் பிள்ளைகள் தயங்குவது இங்கேதான். எனக்கு அந்தக் கூச்சம் தெரியும். ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலில் உடுப்போடு இறங்கக் கூடாது. நீச்சல் உடையும் கூடாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நம் ஆற்றங்கரையில் குளிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பது போலத்தான். முதல் ஐந்து நிமிடம் கடினம், அதற்குமேல் இல்லை. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால், குடும்பத்துக்கென்று பூட்டிக்கொள்ளும் தனிக் குளியலறை உள்ள விடுதியாகப் பாருங்கள். பச்சை குத்தியிருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அனுமதி இல்லை.

தொட்டிக்குள் இறங்குவது அழுக்குப் போக்க அல்ல. குட்டையான முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை ஒரு துளி இல்லாமல் கழுவிய பிறகே இறங்க வேண்டும். கைத்துண்டு தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். நீண்ட முடியைத் தூக்கிக் கட்டுங்கள். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். பத்து நிமிடம் போதும். குடித்துவிட்டு இறங்காதீர்கள், குளிரிலிருந்து வந்தவுடன் சட்டென்று முழுகாதீர்கள். இரத்த அழுத்தம் சட்டென்று மாறி மயங்கி விழுகிறவர்கள் உண்டு. எழுந்திருக்கும்போதும் மெதுவாக. இன்னொன்று: பல விடுதிகளில் ஆண், பெண் குளியலறைகளை இரவுக்கும் காலைக்கும் மாற்றிவிடுவார்கள். நேற்று போன கதவுதானே என்று காலையில் நுழையாதீர்கள். திரைச்சீலையில் இருக்கும் ஆண், பெண் என்ற இரண்டு எழுத்துகளையும் ஊரிலேயே படித்துவிட்டுப் போங்கள்.

நொசாவாவில் விடுதிக் குளியலறை தவிர, ஊருக்குப் பொதுவான 13 குளியல் வீடுகள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, வாசலில் காணிக்கைப் பெட்டி இருக்கும். காவலாளி கிடையாது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்துக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கின்றன. நீங்கள் இறங்குவது அவர்கள் அன்றாடம் குளிக்கும் தொட்டி. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். தாங்க முடியாவிட்டால் உள்ளே இருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறங்கள். ஊர் நடுவில் ஒகாமா என்ற ஊற்று, கிட்டத்தட்ட 90 டிகிரி. ஊர்ப் பெண்கள் அதில் கீரையும் முட்டையும் வேகவைப்பார்கள். அது அவர்கள் அடுப்படி. வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.

8. அறையில் யுகாத்தா என்ற பருத்தி அங்கி வைத்திருப்பார்கள். அதை உடுத்தே சாப்பிடப் போகலாம். வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு வைத்து, இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவாருங்கள். மாற்றிக் கட்டுவது இறந்தவருக்கு மட்டும்.

9. மாலையில் திரும்பியதும் ஸ்கீயையும் பூட்ஸையும் அறைக்குத் தூக்கிப் போகாதீர்கள். கீழே உலர்த்தும் அறை இருக்கும். பூட்ஸ், கையுறை, மேலுடுப்பு எல்லாவற்றையும் அங்கே மாட்டுங்கள். இதைச் செய்யாமல் தூங்கிவிட்டால், மறுநாள் காலை எட்டரைக்கு ஈரக் கையுறைக்குள் கையை விட வேண்டும். அன்றைய நாள் அதோடு முடிந்தது. எல்லாருடைய பூட்ஸும் ஒன்றுபோல இருக்கும். சிவப்பு நூல் ஒன்று கட்டி அடையாளம் வையுங்கள்.

10. மலையைப் பற்றிக் கொஞ்சம். 1911 ஜனவரி 12 அன்று, நீகாத்தாவின் தகாதா ஊரில், ஆஸ்திரிய இராணுவ அதிகாரி தியோடோர் ஃபான் லெர்ஹ் ஜப்பானியப் படைவீரர்களுக்கு ஸ்கீ கற்றுக்கொடுத்தார். அதனாலோ என்னவோ, சரிவுக்கு கெரெண்டே, கம்புக்கு ஸ்டோக்கு, ஸ்கீயின் பின்பக்கத்தை விரித்து வேகம் குறைப்பதற்கு போகென் என்று ஜெர்மன் சொற்களே அங்கே வழங்குகின்றன. ஆசிரியர் "போகென், போகென்" என்று கத்தினால் விரித்து நிறுத்தச் சொல்கிறார் என்று பொருள். முதல் நாள் ஆசிரியர் இல்லாமல் மேலே ஏறாதீர்கள். நண்பன் கற்றுத் தருவான் என்பது வேண்டாம். அவனுக்குச் சறுக்கத் தெரியும், உங்களை நிறுத்தத் தெரியாது. வரைபடத்தில் பச்சைக் கோடு தொடக்கக்காரருக்கு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு தேர்ந்தவருக்கு. தங்கும் நாளெல்லாம் பச்சையிலேயே இருந்தாலும் குறைவில்லை.

கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பால் கிடக்கும் தொடாத பனி அழகாகத்தான் இருக்கும். ஆனால் மரத்தடியில் கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். மேலே இளம்பனி மூடி, குழி தெரியாது. தலைகீழாக விழுந்தால் தானாக வெளிவர முடியாது. நிசெகோவில் வாயில்கள் வைத்து, காவல் குழு திறந்தால் மட்டுமே எல்லைக்கு அப்பால் விடுகிறார்கள். நொசாவாவில் எல்லை மீறியவரைத் தேடும் செலவு அவர் தலையிலேயே விழும். செலவு போகட்டும், தேடிப் போகிறவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். மூன்றரை மணிக்கு மேல் கால் சோர்ந்திருக்கும், வெளிச்சம் மங்கும். "இன்னும் ஒரு தடவை" என்று மனம் சொல்லும்போது இறங்கி வந்துவிடுங்கள். நான் முழங்காலைக் கெடுத்துக்கொண்டது அந்த இன்னும் ஒரு தடவையில்தான்.

11. தெருவில் நடக்கும்போது கூரையோரமாக நடக்காதீர்கள். வெயில் பட்டதும் கூரைப் பனி மொத்தமாகச் சரியும். அது பஞ்சு அல்ல, பாறை. யுசாவா பக்கம் சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள். தண்ணீரிலுள்ள இரும்பால் சாலை துருநிறமாக இருக்கும். ஷூ நனையும், ஒதுங்கி நடங்கள். அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் இருந்தால் அவ்வப்போது ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள், தூங்கும்போது அணைத்துவிடுங்கள். சுவரில் கைவிளக்கு மாட்டியிருக்கும். நிலநடுக்கத்துக்காக வைத்தது. அது எங்கே, அவசர வழி எங்கே என்று முதல் இரவே பார்த்து வையுங்கள்.

12. மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டை முள். நம் ஊர் பிளக் சேராது.

13. ஒன்பதரைக்கு விடுதி அடங்கிவிடும். சுவர்கள் மெல்லியவை; ஊருக்கு வீடியோ அழைப்பு போடுவதை மாலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலருகே கொஞ்ச நேரம் உட்காருங்கள். பனி விழும் இரவில் சத்தமே இருக்காது. அந்த அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

14. புறப்படும் நாள் பத்து மணிக்குள் அறையை விடுங்கள். மெத்தையை மடித்து ஒரு மூலையில் வையுங்கள். டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்துபோன பணம் என்று தெருவில் உங்கள் பின்னால் ஓடி வருவார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பு ஒரு பெட்டி கொடுக்கலாம், இரண்டு கையாலும்.

பஸ் ஏறியதும் போனை எடுத்து உட்கார்ந்துவிடாதீர்கள். விடுதி இருக்கும் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். வீட்டு அம்மாவும் மற்றவர்களும் மேல்கோட்டுகூட இல்லாமல் வாசல் பனியில் நின்று கையசைத்துக்கொண்டிருப்பார்கள். வண்டி தெருமுனை திரும்பி மறையும் வரை உள்ளே போகமாட்டார்கள். நீங்களும் அதுவரை கையை இறக்காதீர்கள்.