அம்மாவின் மறதி: போனில் பார்ப்பதா, வீடியோவிலா?

விதுரா, குற்றிச்சல், அம்பூரி போன்ற திருவனந்தபுரத்து மலையோர ஊர்களில் வயதான பெற்றோரை விட்டுவிட்டு வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பவர்களுக்கு இது. கேட்டதையே அம்மா மறுபடி மறுபடி கேட்கிறார் என்றால் கவலை நியாயமானதுதான். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். முதற்கட்டச் சோதனையைத் தூரத்திலிருந்தே செய்யலாம். யாருக்கு எது என்பதுதான் கேள்வி.

போன் எளிது. 1988இல் வந்த 'டிக்ஸ்' என்ற நினைவாற்றல் கேள்வித்தாளுக்கு 41 மதிப்பெண். 'மோகா' என்ற சோதனையின் தொலைபேசி வடிவத்துக்கு 22. படம் வரையும் வேலை இல்லை, பட்டன் போனே போதும். ஆனால் செவி மந்தமானவருக்குச் சொன்ன சொல்லே விழாதபோது, ஐந்து நிமிடம் கழித்து அது எப்படி நினைவுக்கு வரும்? தேதி கேட்டால் எதிரே சுவரில் காலண்டர் தொங்கும். பக்கத்தில் நிற்கும் மருமகள் பாவம் பார்த்துக் கிசுகிசுத்துவிடுவார். காதும் நன்றாக இருந்து, பள்ளிக்கூடமும் போயிருந்தால் மட்டும் போனை நம்பலாம்.

வீடியோவுக்கு அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம். சுகாதார நிலையத்தில் ஊழியர் துணையோடும் பேசலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு. ஐங்கோணம் வரைந்த தாளைக் கேமராவுக்கு நேரே பிடிக்கவும், அம்மா கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். எந்தச் சோதனை வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சோதனையில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கத் தெரியாதது படிப்பில்லாததால் இருக்கலாம். எழுத்தறியாதவர்களுக்கென்றே ஹரியானாவின் பல்லப்கரில் இந்திச் சோதனை ஒன்று 1995இல் உருவானது. 100 மதிப்பெண்ணுக்கான அடன்புரூக் சோதனையை டாக்டர் மதுரநாத் குழுவினர் மலையாளத்துக்கு ஏற்ப மாற்றி 2004இல் வெளியிட்டார்கள். பாறசாலைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவரிடம் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டையும்விட முன்னால் செய்யவேண்டியது, வீட்டாரிடம் கேட்பது. 'ஏ.டி.8' என்பதில் எட்டே கேள்விகள். இரண்டுக்கு 'ஆமாம், மாறியிருக்கிறது' என்றாலே அடுத்த பரிசோதனை தேவை. 'ஐ.க்யூ.கோட்' என்ற கேள்வித்தாள் பத்து வருடத்துக்கு முந்தைய ஆளோடு இப்போதைய ஆளை ஒப்பிடச் சொல்லும். பெரியவரின் படிப்போ செவியோ இங்கே குறுக்கே வராது. பதில் சொல்பவர் மட்டும் சரியான ஆளாக இருக்கவேண்டும். ஓணத்துக்கு ஓணம் வந்துபோகும் மகனுக்கு என்ன தெரியும்? பென்ஷன் பணத்தை எண்ணத் தடுமாறுகிறாரா, கேஸ் அடுப்பை அணைக்காமல் விடுகிறாரா என்பது கூடவே இருக்கும் தங்கைக்குத்தான் தெரியும்.

மூளைத்திறன் அளக்கும் மொபைல் ஆப்களைப் பெரியவர்கள் விஷயத்தில் விட்டுவிடலாம். தொடுதிரைப் பழக்கமில்லாத விரலுக்கு அது வேறொரு பரீட்சை.

எதில் மதிப்பெண் குறைந்தாலும் நோய் என்று முடிவுகட்டாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை எல்லாமே மறதியைத் தரும். காரணத்தைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையும் நேரில் டாக்டரும் வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் எந்தக் கேள்வித்தாளையும் தேடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.