நாக்கின் நுனியில் தாளம்

மாணவர்களே, மேசியோ பார்க்கர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1943-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் அவர். ஜேம்ஸ் பிரவுனின் இசைக்குழுவில் வாசித்துப் புகழ்பெற்றவர். நெதர்லாந்தில் நடைபெறும் நார்த் சீ ஜாஸ் விழாவில் பலமுறை மேடையேறியிருக்கிறார்.

அவர் வாசிப்பது ஃபங்க் இசை. அதில் சுவரங்கள் நீண்டு ஒலிப்பதைவிட, வெட்டி வெட்டி வருவதே அதிகம். பெரிய அரங்கில் அவை ஒன்றோடொன்று கலந்தால் தாளமே குழம்பிவிடும். கலைஞர் இதை எப்படிச் சமாளிக்கிறார்?

சாக்ஸபோனின் உடல் பித்தளை. ஆனால், ஒலி பிறப்பது வாயில் வைக்கும் பகுதியில் பொருத்திய மெல்லிய நாணல் தகட்டில். நாதசுவரத்தின் சீவாளியும் நாணல்தான். அதில் இரண்டு இதழ்கள், இதில் ஒன்று. ஊதும்போது தகடு அதிர்ந்து, காற்று செல்லும் இடைவெளியை மூடி மூடித் திறக்கிறது. 440 ஹெர்ட்ஸ் சுவரம் என்றால், நொடிக்கு 440 முறை!

நாக்கு நுனி தகட்டைத் தொட்டதும் அதிர்வு அடங்குகிறது. ஊதுவதை நிறுத்தத் தேவையில்லை. வாய்க்குள் காற்றழுத்தம் அப்படியே காத்திருக்கும். நாக்கை எடுத்ததும் அடுத்த சுவரம் பளிச்சென்று புறப்படும்.

இப்போது ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.5 நொடி. அதை நான்காகப் பிரித்தால், 0.125 நொடிக்கு ஒரு சுவரம். உங்களுக்குப் பின்னால் 8.5 மீட்டரில் ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒலி அங்கே போய்த் திரும்ப 17 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே, திரும்பும் ஒலி 0.05 நொடி தாமதமாக உங்கள் காதை அடையும்.

சுவரம் 0.125 நொடி முழுவதும் நீடித்தால், திரும்பும் ஒலி அடுத்த சுவரத்தின்மேல் விழும். 0.06 நொடியில் நாக்கு அதை நிறுத்திவிட்டால், திரும்பும் ஒலி 0.11 நொடியிலேயே முடிந்துவிடும். அடுத்த சுவரம் தெளிவாகக் கேட்கும். ஃபங்க் இசையில் மௌனமும் ஒரு வேலை செய்கிறது.

செய்து பாருங்கள்: பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் ஒன்றின் முனையைத் தட்டையாக்குங்கள். பெரியவர் உதவியுடன் அதன் இரு மூலைகளையும் சரிவாக வெட்டுங்கள். உதடுகளுக்கிடையே வைத்துப் பலமாக ஊதினால் ஒலி வரும். முதலில் மூச்சை நிறுத்தி ஒலியை முடியுங்கள். பிறகு நாக்கால் தொட்டு முடியுங்கள். எது 'டக்'கென்று நிற்கிறது?

சிந்தியுங்கள்: சுவர் 17 மீட்டர் தள்ளியிருந்தால், 0.06 நொடி சுவரம் திரும்பி வந்து முடிவது எப்போது? 0.16 நொடியில்! அடுத்த சுவரம் அதற்குள் தொடங்கிவிடும். அங்கே நாக்கின் திறமை மட்டும் போதாது. ஒலியை உறிஞ்சும் திரைகளும் சுவர்ப் பலகைகளும் துணைக்கு வரவேண்டும்.